மலைப் பள்ளிகளில் ஆபத்து வந்தால்: கேள்வி பதில்

நீலகிரியில் தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பள்ளி, கல்லூரிகளுக்குப் போய் ஒத்திகை நடத்த உதவுகிறேன். கேட்கப்பட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, ஆபத்து வந்தால் எல்லோரும் மைதானத்தில் கூட வேண்டும் என்று எங்கள் பள்ளித் திட்டத்தில் இருக்கிறது. மழைக்காலத்துக்கும் அதுவே போதுமா? (ஆசிரியை, கோத்தகிரி)

போதாது அம்மா. தீக்கு மைதானம் சரி. மண்சரிவுக்கு அதே மைதானம் எமனாகலாம். நம் ஊரில் சமதளம் என்று இருப்பதில் பெரும்பகுதி மலையை வெட்டி எடுத்தது. ஒரு பக்கம் செங்குத்தாக வெட்டிய மேடு, மறுபக்கம் தடுப்புச்சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்பிய மண். நன்றாக நனைந்தால் இரண்டுமே நகரும். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சமவெளிக்கு எழுதிய திட்டத்தை அப்படியே நகல் எடுத்து ஃபைலில் வைத்தால் இதையெல்லாம் அது பார்க்காது.

மழை விட்ட ஒரு காலையில் பள்ளியைச் சுற்றி நடந்து பாருங்கள். மேட்டின் உச்சியில் புது விரிசல் இருக்கிறதா? மரம், கம்பம் ஏதாவது சாய்ந்திருக்கிறதா? தடுப்புச்சுவர் வயிறு தள்ளியிருக்கிறதா? தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்கி வருவதும், நேற்றுவரை சரியாக மூடிய கதவு இறுகுவதும் கெட்ட அறிகுறிகள். ஒன்று தெரிந்தாலும் அந்தப் பக்க வகுப்பறைகளைப் பூட்டிவிட்டு 1077-க்குச் சொல்லுங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை அது. மழைக்காலத்துக்கென்று இரண்டாவது கூடுமிடம் ஒன்று வேண்டும்: மேட்டுக்கும் ஓடைக்கும் விலகி, சரிவு இறங்கும் பாதைக்குப் பக்கவாட்டில். வளாகத்துக்குள் அப்படி இடமில்லை என்றால் பக்கத்துச் சமுதாயக் கூடத்தைக் கேட்டு வையுங்கள்.

சார், எங்கள் விடுதியில் குளிருக்கு மாணவிகள் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வைத்துக்கொள்கிறார்கள். பரவாயில்லையா? (விடுதிக் காப்பாளர், கொடைக்கானல்)

இன்றைக்கே நிறுத்துங்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை. ஜன்னலை அடைத்துப் படுத்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ஒரே அறையில் இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, வாந்தி, மயக்கம் என்றால் சாப்பாட்டைச் சந்தேகப்படும் முன் கரியைச் சந்தேகப்படுங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். வெறுமனே தடை போட்டால் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பார்கள், ஆளுக்கு இன்னொரு கம்பளியும் கொடுங்கள்.

பின்பக்கக் கதவைத் திருட்டுக்குப் பயந்து பூட்டி வைத்திருக்கிறோம். தவறா? (தனியார் பள்ளி அலுவலர், குன்னூர்)

வகுப்பு நடக்கும் நேரத்தில் தவறுதான். ஒரு பள்ளியில் ஒத்திகையின்போது கீழ்க்கதவைத் திறக்கச் சொன்னேன். காவலர் கையில் இருபது சாவி. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், பூட்டு துருப்பிடித்திருந்தது. கதவு திறக்க ஏழு நிமிடம் ஆனது. அதுவரை குழந்தைகள் வரிசையில் ஈரத்தில் நின்றார்கள். கும்பகோணம் பள்ளித் தீவிபத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை இழந்தோம். அந்த ஏழு நிமிடமும் எனக்கு அந்த நினைப்புத்தான். உள்ளிருந்து கையால் தள்ளினால் திறக்கும் தாழ்ப்பாள் போடுங்கள்.

புயலில் கரண்டும் செல்போனும் போய்விட்டால் எப்படித் தகவல் சொல்வது? (கல்லூரி மாணவர், கொடைக்கானல்)

2018-இல் கஜா வந்தபோது மரங்கள் விழுந்து பாதையே அடைபட்டதைப் பார்த்த ஊர் உங்களுடையது தம்பி. மின்மணியை நம்பாதீர்கள், பழைய தண்டவாளத் துண்டும் சுத்தியலும் போதும். தொலைபேசி எண்களைத் தாளில் எழுதி ஒட்டுங்கள். பாதை திறக்கும்வரை சமாளிக்க ஒரு நாளுக்கான தண்ணீர், டார்ச், முதலுதவிப் பெட்டி வளாகத்திலேயே இருக்கட்டும்.

பள்ளி வாசலில் காட்டெருமை நின்றால்? (பெற்றோர், குன்னூர்)

கல் எறியக் கூடாது, கூச்சல் போடக் கூடாது, போட்டோவுக்குக் கிட்டே போகவே கூடாது. அது விலகிப் போக வழி விட்டு, பிள்ளைகளை உள்ளேயே வைத்து, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கரடிக்குச் சத்துணவு அறையின் எண்ணெய், வெல்லம் வாசனை போதும், அவற்றை இரவில் அங்கே வைக்காதீர்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் சக்கர நாற்காலியில் வருகிறான். ஒத்திகை நாளில் அவனை அறையிலேயே விட்டுவிடுகிறோம். (ஆசிரியர், கூடலூர்)

அவனுக்குத்தான் ஒத்திகை முதலில் வேண்டும் ஐயா. வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். தூக்க இரண்டு பேர், அவர்கள் லீவில் இருந்தால் வேறு இரண்டு பேர் என்று பெயர் எழுதி வையுங்கள். எப்படிப் பிடித்துத் தூக்கினால் வலிக்காது என்று அவனிடமே கேளுங்கள். அடுத்த முறை மணி அடித்ததும் அவனோடு படியிறங்கிப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்று எனக்கு எழுதுங்கள்.