நார்தர்ன் சோல் இசைத்தட்டு என்றால் என்ன? அதற்கு ஏன் இத்தனை விலை?

1960-களில் அமெரிக்காவில் வெளியாகி விலைபோகாத, துள்ளல் தாளமுள்ள சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் இசைவகை) பாடல்களின் ஏழு அங்குலத் தட்டுகள் இவை. விற்காததால் பிரதிகள் குறைவு. 1970-களில் வட இங்கிலாந்தின் விகன் கேசினோ போன்ற நடன அரங்குகளில், யாரும் கேட்டிராத பாடலுக்கே மவுசு. அதனால் டிஜேக்கள் தட்டின் லேபிள்மீது தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப்பெயர் சூட்டி மறைத்தார்கள். மீன் அதிகம் படும் இடத்தை மீனவர் வெளியே சொல்லாததைப் போல.

ஃபிராங்க் வில்சன் 1965-இல் மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடிய தட்டு ஒன்று 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. அத்தனை உற்சாகமான பாடல் அன்று கடைக்கே வராமல் போனது பெரிய அநியாயம்.

பழைய தட்டு எல்லாமே விலைமதிப்புள்ளது என்று நினைக்க வேண்டாம்: லட்சக்கணக்கில் விற்பனையான வெற்றிப் பாடலின் அசல் தட்டு இன்றும் சில பவுண்டுக்கே கிடைக்கும்.