அம்மாவை வில்லியாக்காமல், தியாகியாகவும் ஆக்காமல் ஒரு கொங்குக் கதை எழுதுவது எப்படி?

கேள்வி இது: "ஈரோட்டுப் பக்கம் நடக்கும் ஒரு அம்மா–மகள் கதை எழுதுகிறேன். எத்தனை முறை திருத்தினாலும் அம்மா ஒன்று கொடுமைக்காரி ஆகிறாள், இல்லாவிட்டால் தெய்வமாகிவிடுகிறாள். யார் பக்கம் நியாயம் என்று வாசகரே திணறும்படி எழுத என்ன செய்யலாம்?"

முதல் வரைவில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். யார் சரி என்று தெரியக் கூடாது என்பதற்காக எழுதுபவர் விவரத்தை மங்கலாக்கிவிடுகிறார். சொத்துத் தகராறு என்று இருக்கும், எத்தனை ஏக்கர் என்று இருக்காது. "அம்மாவுக்கு எப்பவும் அண்ணன்தான் உசத்தி" என்று இருக்கும், எதை, எப்போது, யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்று இருக்காது. அப்படி விட்டால் வாசகர் திணறமாட்டார். தனக்குத் தெரிந்த சினிமா அம்மாவைக் கொண்டுவந்து அந்த இடத்தில் உட்கார வைத்துவிடுவார். கணக்கு சென்ட் வரைக்கும் சுத்தமாக இருக்கும் கதையில்தான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நியாயமாகத் தெரிவார்கள்.

கொங்கு நாட்டில் இதற்குத் தோதான பொருள் விடுதலைப் பத்திரம். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். தோட்டம் அண்ணன் பேருக்கு மாறவேண்டும். மகள் தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடவேண்டும். அதைக் கேட்கும் வேலை அம்மா தலையில் விழுகிறது.

கதை நடக்கும் ஆண்டை முதலில் முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் மணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை 1989-இல் வந்தது. நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் 2005 செப்டம்பர் 9 முதல். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. இப்போது மூன்று ஏக்கர் பூர்வீகத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம், 300 சென்ட். அம்மா, ஒரு மகன், ஒரு மகள். அப்பாவைப் பெற்றவள் உயிரோடு இல்லை. அப்பா 1985-இல் இறந்து, அப்போதே பாகமும் பிரித்து முடித்திருந்தால் மகனுக்கு 200 சென்ட், மகளுக்கு 50, அம்மாவுக்கு 50. இன்றைக்கு இறந்தால் மகனுக்கு 133, மகளுக்கு 133, அம்மாவுக்கு 33. (அப்பா தானே சம்பாதித்த நிலமென்றால் ஆளுக்கு 100. எது என்பதையும் கதையில் ஒரு வரியிலாவது சொல்லிவிடுங்கள்.)

இந்த எண்களைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டே இருங்கள். மகளை 50-லிருந்து 133-க்கு உயர்த்திய அதே கணக்கில் அம்மா 50-லிருந்து 33-க்கு இறங்கியிருக்கிறாள். 133 சென்ட்டை விட்டுக்கொடு என்று கேட்பவளுக்குச் சொந்தமாக 33 சென்ட்தான். சோறு மகன் வீட்டில். இதை ஒரு கதாபாத்திரமும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. எண்கள் கதையில் இருந்தால் போதும்.

இன்னொரு சுற்றும் சுற்றலாம். இந்த அம்மாவின் அப்பா 1985-இல் இறந்தார் என்று வையுங்கள். அவளும் பிறந்த வீட்டில் 50 சென்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். அதற்குப் பிறகு அவள் பிள்ளைகளின் காதுகுத்துக்கு அவள் அண்ணன் வந்தார், பெண் பெரியவளானபோது வந்தார், கல்யாணத்தில் தாய்மாமன் சீரோடு முன்னால் நின்றார். அவள் கண்ணால் கண்டது அது. அந்தக் கையெழுத்து அவளுக்கு ஒரு பிறந்த வீட்டை மிச்சம் வைத்தது. ஆகவே மகளிடம் கேட்கும்போது அவள் ஏமாற்றவில்லை, தனக்குப் பலித்ததைச் சொல்லிக்கொடுக்கிறாள். அதே வாயால் தன் கடைசிக்காலச் சோற்றையும் காப்பாற்றிக்கொள்கிறாள். இதில் பாசம் எவ்வளவு, பயம் எவ்வளவு என்று பிரித்துக் காட்டாதீர்கள். அவளுக்கே தெரியாது.

மகளுக்கும் அதே அளவு வேலை செய்யவேண்டும். சட்டம் அவள் பக்கம் என்பதாலேயே அவள் சீக்கிரம் புனிதமாகிவிடுவாள். அவள் கல்யாணத்துக்கு 30 பவுன் போட்டார்கள், அதற்காக அப்பா அதே தோட்டத்தை அடமானம் வைத்தார், கடனை அடைத்தவன் அண்ணன் என்று ஒரு வரி சேருங்கள். போட்ட நகையால் சட்டப்படி பங்கு ஒரு சென்ட்கூடக் குறையாது. ஆனால் வாசகர் மனதில் குறையும். அவள் கணவர் திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட் வைத்துக் கடனில் இருக்கிறார் என்றால், பங்கு கேட்பது அவளா, அவள் வழியாக அவரா என்ற கேள்வியும் வந்துவிடும். அதற்கும் பதில் சொல்லவேண்டாம்.

எந்த இடத்தில் வைத்துக் கேட்பது? எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் அது வக்கீல் ஆபீஸ். கை ஓயாத வேலையில் வையுங்கள். சந்தகை, அதாவது கொங்குப் பக்கத்து இடியாப்பம், பிழிவது நல்ல இடம். ஊறவைத்த புழுங்கலரிசியை நைசாக ஆட்டி, இட்லி மாதிரி வேகவைத்து, சூடு இருக்கும்போதே மூன்று கால் அச்சில் போட்டுப் பிழியவேண்டும். ஆறிவிட்டால் மாவு இறுகிப்போகும், கைப்பிடி சுற்றாது. ஒருத்தி சுற்ற, இன்னொருத்தி கீழே தட்டைப் பிடிக்கவேண்டும். அதனால் யாரும் பாதியில் எழுந்து போக முடியாது.

"ஒரு கையெழுத்துத்தான கண்ணு."

"ஒண்ணேகால் ஏக்கருக்கு மேல வருதும்மா."

"அமுத்திச் சுத்து. ஆறிப்போகுது."

இதற்கு மேல் அந்த இடத்தில் பேச்சு வேண்டாம். அம்மா தன் காரணங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினால் அது அவளுடைய குரல் அல்ல, எழுதுபவரின் குரல்.

பேச்சுவழக்கில் அடிக்கடி தவறுவது இது: கொங்கு என்றால் எல்லா வாக்கியத்துக்கும் "ங்" ஒட்டிவிடுகிறார்கள். அம்மாவிடம் மகள் "நீ", "ம்மா" என்றுதான் பேசுவாள். அம்மாவுக்கு மகள் கண்ணு, அம்மிணி, சாமி. "ங்க" மாமியாருக்கும் சம்பந்தி வீட்டுக்கும். இதை ஒழுங்காகக் காப்பாற்றி வந்தால் ஒரே ஒரு இடத்தில் பெரிய வேலை வாங்கலாம். மகள் மறுத்த மறுநாள் அம்மா போனில், "உங்கூட்ல கேட்டுட்டுச் சொல்லுங்க" என்கிறாள். அந்த ஒரு "ங்க"வில் மகள் ஒறம்பரை, அதாவது விருந்தாளி, ஆகிவிட்டாள். அழுகை, சாபம் எதுவும் தேவைப்படாது.

கதை கெட்டுப்போகும் இடங்களில் முதலாவது அண்ணன். அவனையோ அவன் மனைவியையோ கெட்டவராக்கினால் பழி முழுக்க அந்தப் பக்கம் வடிந்துவிடும், அம்மா தப்பித்துக்கொள்வாள். அவன் தண்ணியில்லாத வருடத்திலும் பண்ணையம் பார்த்தவனாக இருக்கட்டும். அடுத்தது, அம்மாவின் பழைய துயரத்தைக் கடைசிப் பக்கத்துக்கு ஒளித்துவைப்பது. அது அவளுக்கு வாங்கிக்கொடுக்கும் மன்னிப்பு. 1985 கையெழுத்தை முதல் கால்பகுதியிலேயே சொல்லிவிடுங்கள், வாசகர் அதைத் தெரிந்துகொண்டே அவள் மேல் கோபப்படட்டும். மூன்றாவது, அம்மாவைச் சாகடிப்பது. செத்தவளிடம் யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. 1942-இல் வந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' நாவலில் ஒரு விதவை கொழுந்தனிடம் பங்கு கேட்கிறாள். கேட்பது நியாயம், போய் முடிவது கொலையில். அவளை நல்லவள் என்றோ கெட்டவள் என்றோ நாவல் முத்திரை குத்துவதில்லை.

நிலம் இல்லாத குடும்பம் என்றால் நூல் மில்லின் சுமங்கலித் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். மூன்று வருட ஒப்பந்தம், முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தத் தொகை, நடுவில் நின்றுவிட்டால் அந்தத் தொகை இல்லை. இரண்டரையாவது வருடத்தில் "என்னைக் கூட்டிட்டுப் போம்மா" என்று மகள் போனில் சொன்னால் அம்மா என்ன பதில் சொல்வாள்? அங்கும் மிச்சமிருக்கும் மாதங்களையும் வரவேண்டிய தொகையையும் சரியாக எழுதவேண்டும்.

கடைசியாக, கையெழுத்துப் போட்டாளா இல்லையா என்பதை மறைக்காதீர்கள். அது திணறல் அல்ல, வாசகரை ஏமாற்றுவது. சார்பதிவாளர் அலுவலகம், இரண்டு சாட்சி, கட்டைவிரல் ரேகை, 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்று பத்திரத்தில் வரும் வரி, அதைப் படித்துக் காட்டும்போது அம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது வரை எழுதுங்கள். பிறகு அடுத்த நோம்பிக்கு (பண்டிகைக்கு) தாவுங்கள். போடாமல் வந்துவிட்டாள் என்றால், அண்ணன் வீட்டிலிருந்து அழைப்பு வராது. ஆனால் பஸ்ஸில் வந்த யாரோ ஒருவர் கையில் ஒரு தூக்குப்போசி (தூக்குப் பாத்திரம்) வந்து சேரும். உள்ளே சந்தகை, ஆறி இறுகியிருக்கும்.