ரோபோ கைகளுக்கு நடுவே நிற்பவரின் கழுத்துவலி

கேள்வி: நான் செவிலியர், வயது 29. ரோபோடிக் புரோஸ்டேட் அறுவை சிகிச்சைகளில் நோயாளியின் பக்கத்தில் நின்று சக்ஷன் (ரத்தத்தை உறிஞ்சும் குழாய்) பிடிப்பது, கிளிப் போடுவது, கருவி மாற்றுவது என் வேலை. சில மாதங்களாகக் கழுத்திலும் வலது தோளிலும் வலி. போன வாரம் ரோபோ கை முழங்கையில் இடித்துவிட்டது. கழுத்துப்பட்டை போடலாமா? நடுநடுவே உட்காரலாமா?

பதில்: பட்டை வேண்டாம் சகோதரி. தொடர்ந்து போட்டால் கழுத்துத் தசைகள்தான் பலவீனமாகும். நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ரோபோவை இயக்கும் கன்சோலில் இருக்கும் சர்ஜன் இருக்கை, திரை, கை வைக்கும் பலகை எல்லாவற்றையும் தனக்கேற்ப மாற்றிக்கொள்வார். உங்களுக்கு ரோபோ கைகள் விட்டுவைத்த இடுக்குதான்.

இந்த அறுவை சிகிச்சையில் நோயாளியின் தலைப்பக்கம் 25 முதல் 30 டிகிரி வரை தாழ்ந்திருக்கும். டேபிளும் ரோபோவும் சேர்ந்து நகரும் வசதி இல்லாவிட்டால், டாக்கிங் (ரோபோ கைகளை நோயாளியின் உடலில் செருகிய குழாய்களோடு இணைப்பது) முடிந்தபின் டேபிளை அசைக்கவே கூடாது. ஆகவே பேச வேண்டியது அதற்கு முன்புதான். சக்ஷனைப் பிடித்து நின்று பாருங்கள்: தோள் மேலே ஏறக் கூடாது, முழங்கை 90 முதல் 120 டிகிரிக்குள் இருக்க வேண்டும். டேபிள் உயரமாகத் தெரிந்தால், வழுக்காத அகலமான ஸ்டெப் ஸ்டூல் கேளுங்கள். மானிட்டர் உங்களுக்கு நேர் எதிரே, கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரட்டும். பக்கவாட்டில் திரும்பியே மூன்று மணி நேரம் பார்த்தால் எந்தக் கழுத்தும் வலிக்கும். தயங்காமல் கேளுங்கள், இது உங்கள் உரிமை.

உட்கார்ந்து உட்கார்ந்து எழுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், கிருமி நீக்கிய ஸ்டெரைல் பகுதி கெட்டுவிடும். அரை மணிக்கு ஒருமுறை, சர்ஜனிடம் சொல்லிவிட்டு, கைகளை மார்புமட்டத்திலேயே வைத்துத் தோளைச் சுழற்றி, தாடையைப் பின்னுக்கு இழுத்து விடுங்கள். ஒரு நிமிடம் போதும்.

ரோபோ கை இடித்ததை லேசாக விடாதீர்கள். சர்ஜனின் கண் வயிற்றுக்குள் இருக்கிறது. உள்ளே கருவி சிறிது நகர்ந்தாலும் வெளியே அந்தக் கை பெரிதாக வீசும். அது உங்கள் மேல் படுவது அவருக்குத் தெரியாது. “நிறுத்துங்க சார்” என்று உரக்கச் சொல்லிவிடுங்கள். டாவின்சி என்ற ரோபோ வகையில், கன்சோலின் பார்வைப் பகுதியிலிருந்து அவர் முகத்தை எடுத்தாலே கருவிகள் நின்றுவிடும். கருவி மாற்றும்போதும் அவர் வாயால் சொன்னபிறகு, நீங்களும் திருப்பிச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். நடந்ததை விபத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். முழங்கை வீங்கியிருந்தாலோ நீட்ட முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுங்கள்.

விரல் மரத்துப்போவது, பிடி தளர்வது, தோள்வலியால் இரவில் விழிப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். நடை தடுமாறினால் அன்றைக்கே போய்விடுங்கள்.