கேள்வி – பதில்: 200 வரிசை இருந்தால் 200 நோயாளிகளா?

எம்.டி. மாணவி, மதுரை: 40 நோயாளிகள், இரண்டு மருந்துகள். ஒவ்வொருவருக்கும் 5 முறை ரத்த அழுத்தம் எடுத்தேன். 200 வரிசைகளையும் போட்டு டி-டெஸ்ட் செய்தேன். ‘மிக்ஸ்டு மாடல் போட்டுக் கொண்டு வா’ என்று வழிகாட்டி திருப்பிவிட்டார். என் கணக்கில் என்ன தவறு? எதை வைத்துப் பழகுவது?

உங்கள் டி-டெஸ்ட் (இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சோதனை) 200 வரிசைகளையும் 200 தனி ஆட்களாக எண்ணிவிட்டது. எந்த அளவீடு எந்த ஆளுடையது என்பதையும் கணக்கில் எடுப்பதுதான் மிக்ஸ்டு மாடல். ரத்த அழுத்தம் இயல்பாகவே கூடுதலாக உள்ளவருக்கு ஐந்து முறையும் கூடுதலாகத்தான் இருக்கும்; ஐந்தாவது அளவீடு புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். ஒரே ஆளின் அளவீடுகளுக்குள் ஒட்டுறவு (ஒன்றோடொன்று ஒத்துப்போகும் அளவு) 0.6 என்று வையுங்கள். தகவல் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்று பார்த்தால்: 1 + (5 − 1) × 0.6 = 3.4. 200-ஐ 3.4-ஆல் வகுத்தால் சுமார் 59. இரண்டு மருந்துகளின் சராசரியை ஒப்பிடும்போது உங்களிடம் உண்மையில் இருப்பது அவ்வளவு தகவல்தான். அதை 200 என்று காட்டியதால் திட்டப்பிழை (கணிப்பு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) சுருங்கி, பி-வேல்யூ பொய்யாக அழகாகிவிட்டது.

பழகுவதற்கு ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் மிக்ஸ்டு மாடலுக்கான எல்எம்இ4 தொகுப்போடு வரும் ‘ஸ்லீப்ஸ்டடி’ தரவைப் பரிந்துரைக்கிறோம். தூக்கத்தைக் குறைத்தால் எதிர்வினை நேரம் எவ்வளவு கூடுகிறது என்று பார்த்த ஆய்வு அது. 18 பேர், ஆளுக்கு 10 நாள், மொத்தம் 180 வரிசை. மூன்று விதமாகப் பொருத்திப் பாருங்கள். ஆளையே கணக்கில் எடுக்காத சாதாரண ரெக்ரஷன் ஒன்று. ஆளுக்கு ஆள் தொடக்க அளவு மட்டும் மாறலாம் என்று விடுவது இரண்டாவது. தொடக்கமும் சாய்வும் (நாளுக்கு நாள் கூடும் வேகம்) இரண்டுமே மாறலாம் என்று விடுவது மூன்றாவது. பின்னிரண்டும்தான் மிக்ஸ்டு மாடல்கள். மூன்றிலும் சாய்வு ஒன்றேதான்: நாளுக்கு 10.47 மில்லி செகண்ட். திட்டப்பிழையைப் பாருங்கள்: 1.24, 0.80, 1.55.

எது சரி? மூன்றாவதுதான். கையால் போட்டுப் பார்த்தால் மறக்காது. மூன்றாவது மாடலில் ஆட்களின் சாய்வுகளுக்கு இடையிலான பரவற்படி (சிதறலின் அளவு) 35.07, 18 பேர் என்பதால் 35.07 ÷ 18 = 1.948. மிச்சப் பிழையின் (மாடல் விளக்காமல் விட்டதன்) பரவற்படி 654.94. நாட்கள் 0 முதல் 9 வரை. அவற்றின் சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 82.5. அதை 18-ஆல் பெருக்கினால் 1485. 654.94 ÷ 1485 = 0.441. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.546. மென்பொருள் தருவதும் அதேதான். ஆளுக்கு ஆள் சாய்வு மாறுகிறது என்பதை இரண்டாவது மாடல் மறைத்ததால்தான் 0.80 என்ற போலித் துல்லியம் வந்தது. ‘மிக்ஸ்டு மாடல் போட்டாச்சு’ என்று பெயருக்குப் போடுவதில் உள்ள ஆபத்து இதுவே. ஆளின் தொடக்க அளவை மட்டும் மாறவிட்ட மாடல், ஆளையே கணக்கில் எடுக்காத மாடலைவிட மோசமாக ஏமாற்றிவிட்டது.

அதே தரவில் இன்னொரு பாடமும் உண்டு. 0, 1 ஆகிய நாட்கள் பழகுவதற்கானவை. 2-ஆம் நாள்தான் அடிப்படை அளவு. தூக்கத்தைக் குறைத்தது அதன் பிறகு. எனவே முதல் இரண்டு நாட்களை நீக்கி, 144 வரிசைகளோடு நாளை 0-விலிருந்து மறுபடி எண்ணுவதே முறை. உங்கள் ஆய்விலும் முதல் அளவீடு மருந்துக்கு முந்தியது என்றால், அதை மற்ற நான்கோடு சேர்த்துச் சராசரி போடாதீர்கள். துணைமாறியாக (முடிவோடு சேர்த்துக் கணக்கில் எடுக்கும் கூடுதல் மாறியாக) மாடலில் சேருங்கள். 40 பேர்தான் என்பதால் சிறு ஆய்வுகளுக்கான கென்வர்ட்–ரோஜர் திருத்தத்தையும் மென்பொருளிடம் கேட்டு வாங்குங்கள்.

உயிர்ப்புள்ளியியல் மாணவர், வேலூர்: மாடலை ஓட்டினால் ‘சிங்குலர் ஃபிட்’ என்று எச்சரிக்கை வருகிறது. சாய்வுப் பகுதியை எடுத்துவிட்டால் போய்விடுகிறது. எடுத்துவிடலாமா?

ஏதோ ஒரு பரவற்படி பூஜ்யமாகவோ, ஒட்டுறவு +1 அல்லது −1 ஆகவோ கணிக்கப்பட்டது என்பதே அந்த எச்சரிக்கை. முதலில் எடுக்காதீர்கள், தரவைப் பாருங்கள். பல மருத்துவமனைகளின் தரவை ஒட்டும்போது ஒவ்வொன்றிலும் நோயாளி எண் 1-லிருந்து தொடங்கியிருக்கும். அதை மாற்றாவிட்டால் மூன்று ஊர்களின் ‘1’-ஆம் நோயாளிகள் ஒரே ஆளாகிவிடுவார்கள். மருத்துவமனை எண்ணை முன்னால் ஒட்டினாலே இந்தக் குழப்பம் தீரும்.

அடுத்து காலத்தின் அலகு. 0, 90, 180, 365 என்று நாட்களாக இருந்தால் மாதமாகவோ வருடமாகவோ மாற்றுங்கள். ஆளுக்கு இரண்டே அளவீடு என்றால் சாய்வு மாறுபாட்டை மிச்சப் பிழையிலிருந்து பிரிக்கவே முடியாது; 40 பேர் × 2 = 80 அளவீடு, சமவாய்ப்பு விளைவும் (ஆளுக்கு ஆள் மாறும் பகுதி: ஒரு தொடக்கம், ஒரு சாய்வு) 80. எல்எம்இ4 இதை ஓட்டவே மறுக்கும். மூன்று நான்கு மருத்துவமனைகள்தான் என்றால் மருத்துவமனையைச் சமவாய்ப்பு விளைவாக வைப்பதில் பயனில்லை. நிலை விளைவாக (சாதாரண மாறியாக) சேருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், தொடக்கத்துக்கும் சாய்வுக்கும் இடையிலான ஒட்டுறவு +1 அல்லது −1 ஆக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்த ஒட்டுறவை மட்டும் நீக்கிப் பொருத்துங்கள். சாய்வை நீக்குவது கடைசி வழி. நீக்கினால் ஆய்வுக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள்.

மருத்துவர், திருநெல்வேலி: சிலர் 3-ஆம் வருகைக்குப் பிறகு வரவில்லை. கடைசி அளவையே மீதி இடங்களில் நிரப்பச் சொல்கிறார்கள்.

நிரப்ப வேண்டாம். வராதவரின் நோய் அன்றோடு உறைந்து நின்றுவிட்டது என்று சொல்வதற்குச் சமம் அது. மிக்ஸ்டு மாடல் ஒருவரிடம் உள்ள மூன்று அளவீடுகளையும் பயன்படுத்திக்கொள்ளும். ஆளையே தூக்கி எறியாது. ஆனால் ஒரு நிபந்தனை: அவர் வராமல் போனதற்கான காரணம், பதிவான அளவீடுகளிலும் மாடலில் சேர்த்த மாறிகளிலும் தெரிய வேண்டும். பதிவாகாத பக்கவிளைவால் நின்றிருந்தால் மாடலுக்கு அது தெரியாது. அதனால் வராதவர்களின் அளவு (ரத்த அழுத்தம் என்றால் 5 அல்லது 10 மி.மீ.) மோசமாக இருந்திருந்தால் முடிவு மாறுமா என்று தனியாக ஒரு கணக்கும் போடுங்கள்.

ஆய்வு உதவியாளர், கோவை: இரண்டு நாள் கட்டணப் பயிற்சி ஒன்று அறிவித்திருக்கிறார்கள். சேரலாமா?

நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். சாய்வு மாறும் மாடல், விடுபட்ட தரவு, மிச்சப் பிழைகளைச் சோதிப்பது, முடிவுகளைக் கட்டுரையில் எழுதுவது ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நேரத்தில் பாதியாவது கணினியில் கைப்பழக்கமாக இருக்க வேண்டும். ஆம்/இல்லை வகை முடிவுகளுக்கான மாடலை இரண்டாம் நாள் மாலை ஒரு மணி நேரத்தில் முடிப்பதாக இருந்தால் அதை நம்பி ஆய்வில் இறங்காதீர்கள். அங்கே வரும் ஆட்ஸ் விகிதத்துக்கு (ஒரு முடிவு நேரும் வாய்ப்பு, நேராத வாய்ப்பு இவற்றின் விகிதத்தை இரு குழுக்களில் ஒப்பிடும் எண்) பொருளே வேறு. ஆட்களுக்கு இடையிலான பரவற்படி 4 என்றால், ஒரே ஆளுக்கான விகிதம் 3 என்பது மொத்த மக்கள் அளவில் சுமார் 2 ஆகிவிடும்.

பணம் கட்டுமுன் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் பன்னிலை மாதிரி மையம் இலவசமாகத் தரும் ‘லெம்மா’ இணையப் பாடத்தில் இரு நிலை மாதிரிப் பகுதி வரை முடியுங்கள். பயிற்சிக்குப் போகும்போது உங்கள் தரவை, ஒரு வருகைக்கு ஒரு வரிசை என்ற நீள்வடிவில் மாற்றி, நோயாளிப் பெயர்களை நீக்கிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு தாளில், எந்த அளவீடு எந்த ஆளுக்குள், எந்த ஆள் எந்த மருத்துவமனைக்குள் என்று படம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் படம்தான்.