‘ஒன்லி யெஸ்டர்டே’ பார்த்தேன், அதில் காதல் எங்கே இருக்கிறது?

பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்ததும் நீங்கள் அணைத்திருப்பீர்கள், அல்லது செயலியே அடுத்த படத்துக்குத் தாவியிருக்கும். இசாவோ தகஹாதா இயக்கிய இந்த 1991 ஜப்பானிய அனிமேஷன் படத்தில் காதல் முடிவாவதே அந்தப் பட்டியலின் பின்னால்தான். டோக்கியோவுக்கு ரயிலேறிய நாயகி தயேகோ வழியில் இறங்கி, எதிர்வண்டி பிடித்து, கிராமத்து இளைஞன் தோஷியோவிடம் திரும்புகிறாள். பேச்சே கிடையாது, பாட்டு மட்டும். ஆட்டோபிளேயை நிறுத்திவிட்டு அந்தச் சில நிமிடங்களை மறுபடி பாருங்கள். தயாரித்தவர்கள் கடைசி நொடிவரை கதை வைத்திருக்க, செயலிகள் அதைத் தபால்தலை அளவுக்குச் சுருக்குவது அநியாயம்.

அதற்கு முன்னால் காதல் இல்லையா என்றால், இருக்கிறது, வயல் வேலைக்குள். கதை 1982-இல் நடக்கிறது. தயேகோவுக்கு 27 வயது, அலுவலக வேலை. விடுமுறைக்கு வடக்கு ஜப்பானின் யமகதா பக்கம் அக்கா கணவரின் உறவினர் வீட்டுக்குக் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள். பூவை விடியற்காலையில்தான் பறிக்க வேண்டும். பனி ஈரத்தில் முள் மெத்தென்றிருக்கும், வெயில் ஏறினால் குத்தும். பறித்ததை அலசி, பிசைந்து, நிழலில் ஈரத்தோடு வைத்துப் புளிக்கவிட்டு, இடித்து, வட்ட வட்டமாகத் தட்டிக் காயவைத்தால்தான் சிவப்புச் சாயம் கிடைக்கும். இத்தனையையும் தகஹாதா அவசரமில்லாமல் காட்டுகிறார். ஏனென்றால் அவள் அந்த ஊரோடு ஒட்டிக்கொள்வது அங்கேதான்.

தோஷியோ வேலையை விட்டுவிட்டு இயற்கை விவசாயத்துக்கு வந்தவன். இந்தக் காடு, வயல், ஓடை எல்லாமே உழவர்கள் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியவை என்று அவன் விளக்கும் இடம்தான் படத்தின் உண்மையான காதல் காட்சி என்பேன். அதைக் கேட்டதும், இங்கே பிறக்காத தனக்கு இது ஏன் சொந்த ஊர் மாதிரி இருக்கிறது என்பது அவளுக்குப் புரிகிறது. அந்த வீட்டுப் பாட்டி தோஷியோவோடு கல்யாணப் பேச்சை எடுத்ததும் அவள் வெளியே ஓடுகிறாள். பிறகு காருக்குள், பள்ளியில் தன்னோடு கைகுலுக்க மறுத்த அபே என்ற ஏழைப் பையனைப் பற்றிச் சொல்கிறாள். அவன் உன்னிடம் மட்டும்தான் மனசில் பட்டபடி நடந்துகொள்ள முடிந்தது என்ற மாதிரி தோஷியோ பதில் சொல்கிறான். அவளுக்கு அவன் யார் என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடுகிறது.

மெதுவாகப் போனாலே நல்ல படம் என்று நான் சொல்லவரவில்லை. தயேகோ இடையிடையே நினைத்துப்பார்க்கும் 1966-ஆம் வருடப் பள்ளிக் காட்சிகளில் பலருக்குப் பொறுமை போய்விடும். மூலமான மாங்காவில் (ஜப்பானியப் படக்கதை) அந்தச் சிறுவயதுப் பகுதி மட்டும்தான் உண்டு. பெரியவளான தயேகோ தகஹாதா சேர்த்தது. எது எந்தக் காலம் என்று குழம்பினால் பின்னணியைப் பாருங்கள்: சிறுவயதுக் காட்சிகள் ஓரங்களில் வெள்ளையாக வெளிறிப்போகும், 1982 முழு வண்ணத்தில் இருக்கும்.

ஜப்பானியக் குரலிலேயே பாருங்கள். பெரியவர்களின் வசனத்தை முதலில் பதிவுசெய்து, அதற்கேற்ப உதட்டையும் கன்னத் தசையையும் வரைந்தார்கள். ஜப்பானில் வழக்கம் நேர்மாறு. டப்பிங்கில் அந்தப் பொருத்தம் போய்விடுகிறது.