மோட்டார் ஸ்விட்சில் கை வைக்காதீர்கள்

கேள்வி: வில்லிவாக்கத்தில் எங்களுக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழே நான் குடியிருக்கிறேன், மேல் போர்ஷன் வாடகைக்கு. 2017 ஜூனில் என் கணவர் 20 ரூபாய் பத்திரத்தில் 11 மாதத்துக்கு அக்ரிமெண்ட் போட்டு, 75,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கினார். பிறகு அதைப் புதுப்பிக்கவே இல்லை. 2021-ல் அவர் காலமாகிவிட்டார். வாடகை இப்போது 11,000 ரூபாய். நான்கு மாதமாகத் தரவில்லை. கேட்டால், "பாத்ரூமில் தண்ணீர் ஒழுகுகிறது, அதை முதலில் பாருங்கள், வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். காலி செய்யச் சொன்னால், "வீடு உங்கள் பேரிலேயே இல்லையே" என்கிறார். தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஸ்விட்ச் என் வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டு நாள் போடாமல் விட்டால் தானாகக் கிளம்பிவிடுவார் என்று என் தம்பி சொல்கிறான். 12 வருடம் ஆனால் வீடு அவருக்கே போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, மற்றதெல்லாம் இருக்கட்டும், முதலில் அந்த ஸ்விட்சைப் பற்றிப் பேசிவிடுவோம். எப்போதும்போல நேரத்துக்கு மோட்டாரைப் போடுங்கள். இப்போதைக்கு நீங்கள் வாடகை வராத வீட்டுக்காரர். தண்ணீரை நிறுத்திய மறுநாளே சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் தப்பு செய்தவர். வாடகை பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக்கூடாது என்று தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் பிரிவு 20-ல் நேரடியாகவே சொல்கிறது. அந்தச் சட்டப்படி அரசு அமர்த்தியிருக்கும் வாடகை அதிகாரியிடம் அவர் மனுப் போட்டால், உடனே தண்ணீர் விடச் சொல்லி இடைக்கால உத்தரவு வரும். நஷ்டஈடும் கேட்பார். அவர் ஊருக்குப் போயிருக்கும்போது வீட்டைப் பூட்டிவிடலாம் என்று இன்னொரு யோசனையும் யாராவது சொல்வார்கள். சட்டப்படி இல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு மீண்டும் உள்ளே வர, 1963-ம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வுச் சட்டம் வழி கொடுக்கிறது. வீடு யாருடையது என்ற கேள்வியே அந்த வழக்கில் எழாது. ஒரு பூட்டால் நீங்கள் இரண்டு வருடம் பின்னால் போய்விடுவீர்கள்.

12 வருடக் கதைக்கு வருகிறேன். சென்னையில் வீடு வைத்திருக்கும் பாதிப் பேருக்கு இந்தப் பயம் இருக்கிறது. சிலர் இதற்குப் பயந்தே நல்ல வாடகைதாரரைக்கூட இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம். 12 வருடம் என்பது, உரிமையாளரின் அனுமதி இல்லாமல், "இது என்னுடையது" என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு அனுபவிப்பவருக்கான கணக்கு. உங்கள் கணவர் அனுமதி கொடுத்து, வாடகை பேசி உள்ளே வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். அவருடைய ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் உங்கள் வீட்டு முகவரி இருந்தாலும் அதே கதைதான்.

"உங்கள் பேரில் வீடு இல்லையே" என்ற பேச்சுக்கும் பெரிய பலம் கிடையாது. உங்கள் கணவரை வீட்டுக்காரர் என்று ஏற்றுக்கொண்டு குடிவந்தவர், குடியிருந்துகொண்டே அவருடைய உரிமையை மறுக்க முடியாது. சாட்சியச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. அந்த உரிமை இன்று வாரிசுகளிடம் இருக்கிறது. உயில் எழுதாமல் காலமானார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. அவர் இறந்தபோது உங்கள் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு, இதைப் பல குடும்பங்கள் மறந்துவிடுகின்றன. பங்குதாரர்களில் ஒருவர் மட்டும் வழக்குப் போடலாம், மற்றவர்கள் எதிர்க்காதவரை அது செல்லும். ஆனாலும் எல்லோரையும் மனுதாரராகச் சேர்த்துவிடுவதே எனக்குப் பிடித்த வழி. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாய்தா வாங்க ஒரு காரணம் குறையும். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுங்கள். வீட்டு வரியிலும் மின் இணைப்பிலும் பெயர் மாற்றத்துக்கும் அதுதான் தேவைப்படும். வரி ரசீது இன்னும் கணவர் பேரிலேயே வந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன், அப்படித்தானே?

இனி சட்டத்துக்கு வருவோம். 1960-ம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். '11 மாதம்தானே, பதிவு வேண்டாம்' என்ற பழைய சூத்திரம் இங்கே உதவாது. அது பத்திரப் பதிவுச் சட்டத்துக்காகச் சொன்னது. சட்டம் வரும்போதே எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் இருந்தவர்களுக்கு 575 நாள் அவகாசம் கொடுத்தார்கள், அதுவும் 2020 செப்டம்பரோடு முடிந்தது.

உங்கள் அக்ரிமெண்ட் 2018 மே மாதத்தோடு காலாவதி. ஆக, சட்டம் வந்த அன்று உங்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை, பிறகும் போடவில்லை. இது உங்கள் அலட்சியம் என்று நீங்கள் வருந்தலாம். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறையே இப்போது உங்களுக்கு வழி திறந்துவிடுகிறது. அப்படி ஒப்பந்தம் ஏற்படாமல் போனதையே வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கான முதல் காரணமாகப் பிரிவு 21(2)(ஏ) வைத்திருக்கிறது. ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதே போதும், யார் தப்பு என்று துருவ வேண்டியதில்லை என்ற போக்கில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் வந்திருக்கின்றன. வாடகை பாக்கியும் ஒரு காரணம்தான். இரண்டு மாதப் பாக்கி இருந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் மனுப் போடலாம். ஆனால் நான் அதை முன்னால் நிறுத்த மாட்டேன். காசைக் கட்டிவிட்டு அவர் தொடர்ந்து உட்கார்ந்துகொள்ள அதில் இடம் இருக்கிறது. தவிர, பதிவு இல்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடியுமா என்று ஆட்சேபமும் கிளப்புவார்கள். மனுவில் பாக்கியைச் சொல்லுங்கள், ஆனால் முதல் காரணம் 21(2)(ஏ).

சென்னையில் இதற்கான வாடகை நீதிமன்றம், உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஸ்மால் காசஸ் கோர்ட். உங்கள் மனுவுக்கு ஆர்.எல்.டி.ஓ.பி. என்று வழக்கு எண் போடுவார்கள். நாள் கணக்கில் முடிந்துவிடும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். அங்கே ஜெயித்தாலும் மேலே அப்பீல் இருக்கிறது.

அதனால்தான் அட்வான்ஸ் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். 75,000-ல் நான்கு மாதப் பாக்கி 44,000 போனால் 31,000 மீதி. இன்னும் மூன்று மாதம் இப்படியே போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது, கரண்ட் பாக்கியும் சுவர் சேதமும் உங்கள் தலையில். அட்வான்ஸ் என்பது அவர் காலி செய்யும்போது கணக்குப் பார்க்க உள்ள பணம். மாதாமாதம் அதில் கழித்துக்கொள்ளச் சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. நோட்டீஸில் இதை எழுதுங்கள், மாதம் வாரியாகப் பாக்கியையும் எழுதுங்கள். ஒப்புகை அட்டையோடு தபாலில் அனுப்புங்கள், அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். நடுவில் அவர் வாடகை கொடுத்தால் கோபத்தில் மறுத்துவிடாதீர்கள். வாங்கிக்கொண்டு, எந்த மாதத்துக்கு என்று எழுதி ரசீது கொடுங்கள். நீங்கள் மறுத்தால் அவர் வாடகை அதிகாரியிடம் பணத்தைக் கட்டிவிட்டு, "நான் ஒழுங்காகத்தான் இருக்கிறேன்" என்று நிற்பார்.

உங்கள் கணவர் வாடகை நோட்டு வைத்திருந்தாரா? அந்தக் காலத்து ஆட்கள் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, தொகை எழுதி, பக்கத்தில் வாடகைதாரரின் கையெழுத்து வாங்கி வைப்பார்கள். இருந்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். கோர்ட்டில் அந்த நோட்டு பேசுகிற அளவுக்கு நாம் பேச முடியாது. இல்லையென்றால் வங்கிக் கணக்கு, ஜிபே விவரங்களைப் பிரிண்ட் எடுங்கள்.

நோட்டீஸ் போன பிறகு, கேஸுக்கு முன்னால் ஒரு முயற்சி செய்து பாருங்கள். சென்னை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, வக்கீலும் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் உடன்பாடு எழுதிவிட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்து, இந்தத் தேதியில் காலி செய்கிறேன் என்று அங்கே எழுதி வாங்க முடிந்தால் நான் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். வக்கீலான நானே என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு சொல்கிறேன், நம்புங்கள்.

பேச்சு அங்கே ஒரு இடத்தில் வந்து முட்டும்: "புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கணும், அதனால் முதலில் என் மீதியைக் கொடுங்கள்." கேட்க நியாயமாக இருக்கும், கொடுத்துவிடாதீர்கள். காலி செய்யும் நாளில் சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்து, மீட்டர் ரீடிங் எடுத்து, அங்கேயே மீதியை அவர் கணக்குக்கு அனுப்புங்கள். கணக்குப் பார்க்கச் சட்டம் ஒரு மாதம் தருகிறது, ஆனால் அன்றே முடித்துவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

கடைசியாகப் பாத்ரூம். நான்கு மாதப் பாக்கிக்காரருக்கு நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். சுவருக்குள் போகும் பைப் ஒழுகினால் அது வீட்டுக்காரர் பொறுப்பு, குழாயோ வாஷரோ என்றால் வாடகைதாரர் பொறுப்பு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே இப்படிப் பிரித்திருக்கிறது. ஒழுகுகிறது என்பதற்காக வாடகையையே நிறுத்த அவருக்கு உரிமை இல்லைதான். ஆனால் அவர் கையில் இருக்கும் ஒரே நியாயம் அது ஒன்றுதான், அதையும் ஏன் விட்டு வைக்க வேண்டும்? 24 மணி நேரம் முன்னதாக வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு பிளம்பரை மேலே அனுப்புங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் போட்டோ எடுத்து, பில்லை உங்கள் பேரில் வாங்கி, நோட்டீஸ் நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.