1937-இல் ஷாங்காயில் சீனா மூன்று மாதம் போரிட்டது வீண்தானா?

வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி இரண்டு வாரம் அங்கேயே நின்றது பெரிய தவறு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அங்கே செத்தவர்களுக்கு நியாயம் செய்ததாகும்.

முதலில் போர் எப்படி மூண்டது என்று பார்த்துவிடலாம். 1937 ஜூலை 7 இரவு, பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே மார்க்கோ போலோ பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பானியப் படை ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தது. அந்நியப் படை அங்கே எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றும். அந்நியரை எதிர்த்துச் சீனாவில் எழுந்த பாக்சர் கிளர்ச்சியை வெளிநாட்டுப் படைகள் அடக்கிய பிறகு, 1901-இல் சீனாவைக் கையெழுத்திட வைத்த உடன்படிக்கை தந்த உரிமை அது. இருட்டில் சில வெடிச் சத்தம் கேட்டது. எண்ணிப் பார்த்தால் ஒரு சிப்பாயைக் காணோம். அவர் சிறிது நேரத்திலேயே திரும்பி வந்துவிட்டார். ஆனாலும் பாலத்தை ஒட்டிய வான்பிங் கோட்டைக்குள் புகுந்து தேடுவோம் என்று ஜப்பானியர் நின்றார்கள், சீனர்கள் மறுத்தார்கள், விடிவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. ஜூலை 11-இல் உள்ளூர்த் தளபதிகள் சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள். அதே நாளில் டோக்கியோவில் பிரதமர் கொனோயேயின் அமைச்சரவை கூடுதல் படை அனுப்ப முடிவெடுத்தது. மாதக் கடைசியில் பெய்ஜிங்கும் தியான்ஜினும் ஜப்பான் வசம். ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று போர் அமைச்சர் சுகியாமா தம் பேரரசரிடம் சொல்லியிருந்தார். அது எட்டு ஆண்டு நீடித்தது.

வடக்கில் அடி வாங்கிக்கொண்டே பின்வாங்கினால், 1931-இல் மஞ்சூரியா ஜப்பானிடம் போனது போல இன்னொரு துண்டு நிலம் சத்தமில்லாமல் போய்விடும் என்று சீனத் தலைவர் சியாங் காய்-ஷேக் நினைத்தார். அந்தக் கணிப்பில் நான் குறை காண மாட்டேன். ஷாங்காய் உலகத்தின் கண் பட்ட ஊர். பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் குடியிருந்த, வெளிநாட்டார் நிர்வாகத்தில் இருந்த பன்னாட்டுக் குடியிருப்பு ஊர் நடுவிலேயே இருந்தது. ஆகஸ்ட் 13-இல் அங்கே சண்டை தொடங்கியது. ஜெர்மன் ஆலோசகர்கள் பயிற்சி தந்த தம் மிகச் சிறந்த படைப்பிரிவுகளையே சியாங் அங்கே இறக்கினார். எதிரே முதலில் இருந்தது சில ஆயிரம் ஜப்பானியக் கடற்படை வீரர்கள்தான். ஆனால் கான்கிரீட் கட்டடங்களை உடைக்கக்கூடிய கனரக பீரங்கி சீனப் படையிடம் போதுமான அளவு இல்லை. மறுநாளே இன்னொரு கொடுமை. ஆற்றில் நின்ற ஜப்பானியக் கப்பல் இசுமோவைக் குறிவைத்த சீன விமானங்களின் குண்டுகள் தவறிப்போய், அகதிகள் நிறைந்திருந்த தெருக்களில் விழுந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள், பெரும்பாலும் சொந்த மக்கள்.

ஆகஸ்ட் 23-இல் ஜப்பானிய தரைப்படை கடற்கரையில் இறங்கியது. அப்புறம் சண்டை லுவோதியான் என்ற சிறு ஊருக்கு நகர்ந்தது. சாலைகள் கூடுகிற இடம் என்பதுதான் அதன் முக்கியத்துவம். பகலில் கப்பல் பீரங்கியும் விமானமும் அடித்து ஊரை ஜப்பானியர் பிடிப்பார்கள், இரவில் சீனர்கள் திரும்பப் பிடிப்பார்கள். வாரக்கணக்கில் இதேதான். சதையரைக்கும் ஆலை என்று சீனர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள்.

வேலை நிமித்தம் சில மாதம் ஷாங்காயில் இருந்தபோது நான் சிஹாங் கிடங்குக்குப் போனேன். சுஜோ ஓடையின் வடகரையில் இருக்கும் ஆறு மாடிக் கட்டடம். மேற்குச் சுவரின் பூச்சை எடுத்துவிட்டு, அன்றைய குண்டுத் துளைகள் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். சில ஓட்டைகளில் ஆளே நுழையலாம். அக்டோபர் கடைசியில் சீனப் படை நகரின் வடபகுதியை விட்டு விலகியபோது, ஷியே ஜின்யுவான் தலைமையில் சுமார் 400 பேர் இந்தக் கட்டடத்தில் தங்கினார்கள். எண்ணிக்கையைக் கேட்டவர்களிடம் 800 என்று சொல்லிவைத்தார்கள். ஓடைக்குத் தென்கரையில் பன்னாட்டுக் குடியிருப்பு. அங்கே குண்டு விழுந்துவிடுமோ என்று ஜப்பானியரால் கனரக பீரங்கியைத் தாராளமாகப் பயன்படுத்த முடியவில்லை. யாங் ஹுய்மின் என்ற சாரணர் பெண் இரவில் ரகசியமாகக் கொண்டுபோய்க் கொடுத்த கொடியை மொட்டைமாடியில் ஏற்றினார்கள். தென்கரையில் கூடி நின்ற மக்கள் அதைப் பார்த்து ஆரவாரித்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கரை இத்தனை பக்கத்தில் தெரிந்தது எனக்கு என்னவோ செய்தது. ஒரு கரையில் போர், மறு கரையில் வேடிக்கை பார்க்கும் கூட்டம், நடுவே ஒரு சிறு ஓடை.

சரி, தவறு எங்கே? நவம்பர் 3-இல் பிரசெல்ஸில் வல்லரசுகள் மாநாடு கூடவிருந்தது. அதுவரை ஷாங்காயில் நின்று காட்டினால் உதவி வரும் என்று சியாங் காத்திருந்தார். மாநாடு பேசிக் கலைந்தது. அதற்குள் நவம்பர் 5-இல் ஜப்பானியர் தெற்கே ஹாங்ஜோ வளைகுடாவில் இறங்கி, சீனப் படையைப் பின்பக்கமாகச் சூழத் தொடங்கினார்கள். பின்வாங்கும் உத்தரவு தாமதமாக வந்ததால் ஒழுங்கான பின்வாங்கல் சிதறி ஓடுவதாக மாறிவிட்டது. தலைநகர் நான்ஜிங்கைக் காக்கக் கட்டிவைத்திருந்த அரண்களில் நின்று போரிடக்கூட நேரமில்லை. நவம்பர் 12-இல் ஷாங்காய் விழுந்தது, டிசம்பர் 13-இல் நான்ஜிங். அதற்குப் பிறகு நான்ஜிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலை உங்களுக்குத் தெரியும்.

ஷாங்காயில் சீனத் தரப்பு இழப்பு, செத்தவர்களும் காயமடைந்தவர்களுமாக, 2 லட்சம் அளவில். ஜப்பானியத் தரப்பில் 40,000-க்கும் மேல். இவ்வளவு கொடுத்து என்ன கிடைத்தது என்றால், அந்த மூன்று மாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளின் இயந்திரங்களைப் பிரித்து, படகில் ஏற்றி, யாங்சி ஆற்றின் வழியே உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதத்தில் முடியும் என்ற கணக்கும் பொய்த்தது. வீண் இல்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

கிடங்கில் இருந்தவர்கள் நவம்பர் 1 அதிகாலையில் உத்தரவின்படி ஓடையைக் கடந்தார்கள். பிரிட்டிஷார் ஆயுதத்தை வாங்கிக்கொண்டு அவர்களை முகாமில் அடைத்தார்கள். ஷியே ஜின்யுவானை 1941 ஏப்ரலில் அந்த முகாமிலேயே சொந்த வீரர்கள் சிலர் குத்திக் கொன்றார்கள். அந்த டிசம்பரில் ஜப்பான் பன்னாட்டுக் குடியிருப்பையும் பிடித்தபோது மிச்சமிருந்தவர்கள் கைதிகளானார்கள். சிலரைக் கட்டாய வேலைக்காகக் கடல் கடந்து நியூ கினிப் பக்கம் வரை கொண்டுபோனார்கள்.